காதொலிக் கருவியைப் பொருத்துபவர் யார்?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிபாளையத்தில் 35 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டிய என் அப்பா, "பேசுறது காதுல விழுது, என்னன்னுதான் புரியல" என்று சொல்லத் தொடங்கியபோது, பக்கத்து நகரத்துக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். சாலை இரைச்சல் நிறைந்த அறையில் பத்து நிமிடம் சோதித்துவிட்டு, 22,000 ரூபாய்க்கு ஒரு கருவியை மாட்டி அனுப்பினார்கள். சோதித்தவர் என்ன படித்தவர் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பாத்திரம் விழும் ஓசை காதைக் குத்தியது, பேச்சு தெளியவில்லை. இரண்டே வாரத்தில் கருவி பீரோவுக்குள் போய்விட்டது.

பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்), ஒலி புகாத அறையில் அப்பாவை உட்காரவைத்து, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகவும், காது வழியாகவும் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் வழியாகவும் அளந்தார்; சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவும் வைத்தார். தாழ்ந்த சுருதி ஒலிகள் ஏறக்குறைய நன்றாகவே கேட்டன. உயர்ந்த சுருதியான 4,000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் கேட்கும் திறனில் பெரும் பள்ளம். ஆண்டுக்கணக்கில் தறியோசை கேட்ட காதுகளில் இப்படித்தான் இருக்கும் என்றார். எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டிக்கொண்டிருந்த அதே கருவியை அவர் அந்த அளவீட்டின்படி திருத்தி அமைத்து, மூன்று முறை வரவழைத்துச் சரிபார்த்தார். இன்று அப்பா பேத்தியோடு தொலைபேசியில் பேசுகிறார். புதிதாக எதுவும் வாங்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அந்தத் திறமை, ஓராண்டு உள்ளகப் பயிற்சியோடு சேர்ந்த நான்காண்டு பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு-மொழி நோயியல்) பட்டப்படிப்பாலும், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவாலும் வருவது. பதிவில்லாதவர் இத்தொழிலைச் செய்யக் கூடாது என்று 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம் சொல்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் நோய்க்கு மருந்தும் அறுவையும் தருகிறார். எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, கருவி பொருத்தி, பயிற்சி தருபவர் ஆடியாலஜிஸ்ட். ஒரு காது மட்டும் மந்தமானாலோ, திடீரெனக் கேட்காமல் போனாலோ உடனே மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கருவி விற்பதே வேலையாக உள்ளவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எப்படி நம்புவது? பிறந்த குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் அவசரமானது: ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு.

ஆகவே, காதொலிக் கருவி விற்கும் ஒவ்வோர் இடத்திலும் சோதிப்பவரின் பதிவு எண்ணை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதிவைக்க ஆணையிடுங்கள். வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஒலி புகாத அறையோடு ஆடியாலஜிஸ்ட் பணியிடங்களை உருவாக்குங்கள். முகாம்களில் இலவசக் கருவி பெறுவோரை ஒரு மாதத்துக்குள் மீண்டும் அழைத்துச் சரிபார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் தெருவில் மட்டுமே அப்படிப் பெற்ற இரண்டு கருவிகள் உறை பிரிக்காத நிலையிலேயே கிடக்கின்றன.

இப்படிக்கு,
விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள்