தூணுக்குள் முப்பது ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். எப்பவும் எழுதுற வார்த்தைதான், இந்தத் தடவை நிஜமாவே ஆவல். போன்ல கூப்பிட்டா "சரிப்பா, வைக்கட்டுமாப்பா"ங்கறே. அக்கா மக இந்தக் கடுதாசியைப் போட்டோ பிடிச்சு நிமிஷத்துல அனுப்புறேன்னா. வேண்டாம்னுட்டேன். தபால்ல வர்றபடி வரட்டும்.

8ஆம் தேதி நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். ரோட்டோரம் தரையில பதிச்ச ஒரு தகடு, மழையில நனைஞ்சு கிடந்துச்சு. "இங்கதான்ப்பா ஹிட்லருக்குக் குண்டு வச்ச பீர் ஹால் இருந்துச்சு. வச்சவர் ஜார்ஜ் எல்சர்னு ஒரு தச்சர். படம் இருக்கு, பாருங்க"ன்னு எழுதியிருந்தே. மூணு மாசத்துல நீ எனக்கு எழுதின பெரிய சேதி அதுதான். ராத்திரி அந்த மழையில அங்க என்ன வேலை உனக்கு? தலையில குல்லா போட்டிருந்தியா? நேரத்தோட தூங்கு.

படம் பார்த்தோம். அக்கா மக டிவியில போட்டு, கீழே ஓடுற எழுத்தைப் படிச்சுப் படிச்சு தமிழ்ல சொன்னா. முதல்ல அந்த ஆள் இருட்டுல முட்டிபோட்டுத் தூணைக் குடையறதைப் பார்த்ததும், அவ சொல்றது என் காதுல விழலை. ஜார்ஜ் எல்சரோட கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். முப்பது ராத்திரிக்கு மேல, தம்பி! சாயங்காலம் அங்கேயே சாப்பாடு, கடை மூடுறவரைக்கும் ஒளிஞ்சுக்கிறது, அப்புறம் டார்ச்சுல நீலக் கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அந்த வெளிச்சத்துல உளி வேலை. தூணைச் சுத்தி மரப்பலகை. அதுல ஒரு சின்னக் கதவு பண்ணியிருக்கார், மூடினா மூட்டு தெரியாது. யாராச்சும் தட்டிப் பார்த்தா பொள்ளல் சத்தம் கேட்கக்கூடாதுன்னு உள்ளே தகரம். கடிகாரம் டிக்டிக்னு கேட்கக்கூடாதுன்னு கார்க். விழுற தூளு, சில்லு ஒண்ணுவிடாம அள்ளிக் கட்டி வெளியே கொண்டுபோயிருக்கார். கானாடுகாத்தான் பெட்டகத்துக்கு நான் வச்ச கள்ள அறையை வீட்டுக்காரங்களே மூணு நாள் தேடினாங்களே, ஞாபகம் இருக்கா? அது எனக்குப் பகல் வேலை, பக்கத்துல காபி. இவருக்கு முட்டி ரெண்டும் சீழ் வச்சுப்போச்சாம். என் முட்டியைத் தடவிக்கிட்டேன்.

பிடிச்சதுக்கு அப்புறம் ஒருத்தனும் நம்பலையே, அதுதான் எனக்கு ஆத்திரம். ஒத்தை ஆளால ஆகாது, பின்னால இங்கிலாந்துக்காரன் இருக்கான்னு அடி அடின்னு அடிச்சிருக்கானுங்க. எந்த ஆசாரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், பொறுமையும் உளியும் இருந்தா ஒத்தை ஆளுக்கு என்னவெல்லாம் முடியும்னு.

எல்லாம் பண்ணி என்ன? 1939, நவம்பர் 8. கடிகாரம் 9.20க்கு வச்சது. ஹிட்லர் வருசாவருசம் பத்து மணிவரைக்கும் பேசுறவனாம். அன்னைக்குப் பனிமூட்டம், விமானம் கிடையாது, ரயிலைப் பிடிக்கணும்னு 9.07க்கே கிளம்பிட்டான். பதிமூணு நிமிஷம். எட்டுப் பேர் செத்தாங்க, அதுல ஒண்ணு சாப்பாடு பரிமாறுற பொண்ணு. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? படம் முடிஞ்சும் எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டிருந்துச்சு. குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே சுவிஸ் எல்லைகிட்ட இவரையும் பிடிச்சாச்சு. அஞ்சரை வருசம் அடைச்சு வச்சிருந்து, 1945 ஏப்ரல் 9, டாஹாவ் முகாம்ல சுட்டுட்டாங்க. இருபது நாள்ல அமெரிக்காக்காரன் அந்த முகாமுக்கு வந்துட்டான்னு அக்கா மக சொன்னா.

அவர் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை, சரி. சொன்னா கேட்டவனுக்கும் ஆபத்து. உனக்கு எதிர்ல எந்த ஹிட்லர் இருக்கான் தம்பி? பெத்த அப்பன்தானே இருக்கேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியா இருக்கோம்னு ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே. சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இங்க நேத்துதான் மழை விட்டுச்சு. பட்டறைக் கூரை ஒழுகுது. நீ அனுப்புற பணம் வந்துடுது, குறை சொல்லலை. மியூனிக்ல இன்ஜினீயர்னு நான் சொல்லாத கடை இல்லை இந்தத் தெருவுல.

அக்கா மக இன்னொண்ணும் தேடி வாசிச்சா. எல்சருக்கு ஒரு பையனாம், 1930ல பொறந்தவன். தாயைக் கட்டிக்கலை. பிள்ளைக்கு உண்டானதைச் சம்பளத்துலேயே பிடிச்சிருக்காங்க. யுத்தம் பெருசாகக்கூடாதுன்னு உசிரைக் கொடுத்த மனுசன். அந்தப் பையனுக்கு அவர் யாரு, மாசாமாசம் வர்ற காசா? சும்மா கேக்கிறேன். வாசிச்சா, மனசுல நின்னுபோச்சு.

தேவகோட்டையில உன் மாமனார் வீட்டுல எல்லாரும் சௌக்கியம்னு கேள்வி. ஆடிக்கு அங்க வந்த மருமக, கார்த்திகை பத்து ஆச்சு. குளிரு குழந்தைக்கு ஆகாதுன்னு நீ சொன்னே. கேக்கிறவங்ககிட்ட நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஜெர்மனியில குழந்தைகளே இல்லையான்னு உங்க சித்தப்பா கேட்டான். எழுந்து பட்டறைக்குப் போயிட்டேன்.

உங்க அம்மா இதை உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டா. என்னை விட்டுக்கொடுத்து அவ ஒரு வார்த்தை பேசினதில்லை. நீ எட்டு மாசக் கைக்குழந்தையா இருக்கிறப்போ உன்னையும் அக்காவையும் தூக்கிக்கிட்டு அவ திருப்பத்தூர் போயிட்டா. தப்பு யாருதுன்னா, என்னுது. கை நீட்டிட்டேன். ஒரு தடவைதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒரு தடவை இல்லை.

போய்க் கூப்பிடலை தம்பி. பதினாலு மாசம். மாசம் பொறந்தா மணியார்டர் மட்டும் ஒழுங்காப் போகும். கேட்டவங்ககிட்ட, பெரிய வீட்டு நிலைக்கதவு வேலை, முடிச்சுட்டுப் போறேன்னு சொன்னேன். அந்தக் கதவுல பூவுக்குப் பூ, இலைக்கு இலை அப்படி இழைச்சேன். ஊரே வந்து பார்த்துச்சு. மூணு மாசத்துல முடிஞ்ச வேலை அது. மீதி பதினொரு மாசம் இந்தப் பட்டறையில சும்மா உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுவரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கேன், எத்தனையோ நாள். போனா என்ன பேசுறதுன்னு தெரியலை, அவ்வளவுதான்.

அப்போ உனக்கு ஒரு நடைவண்டி பண்ணி வச்சேன். மிச்சத் தேக்குல. அவளா மனசு இரங்கி வந்து இறங்கினப்போ நீ முன்னாடி ஓடி வந்தே. ஓடி. வண்டியைப் பரண்ல போட்டுட்டேன். அம்மா அதைப் பார்த்தா, ஒண்ணும் கேட்கலை.

உனக்கும் மருமகளுக்கும் நடுவுல என்னன்னு எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். நீ என் மாதிரி கை நீட்டுறவன் இல்லைன்னு நம்புறேன். நம்பலாம் இல்லையா? அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

நடைவண்டியைப் போன வாரம் இறக்கினேன். ஒரு சக்கரம் பிளந்திருந்துச்சு, புதுசா வேப்பமரத்துல கடைஞ்சு போட்டேன். பேரன் சுவத்தைப் பிடிச்சு நிக்கிறானாம், அக்கா சொன்னா. ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல தேவகோட்டைக்கு எடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். அப்புறம், நீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதை நான் கொடுத்தா ஆகுமான்னு தோணுச்சு. திண்ணையிலதான் இருக்கு. டிசம்பர்ல உங்க கம்பெனி லீவு விடுவாங்கன்னு போன வருசம் சொன்னியே.

குல்லா போட்டுக்கோ. நேரத்தோட தூங்கு.

அன்புடன்
அப்பா

பி.கு: திருச்சிக்கு வண்டி அனுப்பணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொன்னாப் போதும்.