ராண்டலின் அறுபது ஏக்கர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. ஆனால் கிணற்றடி வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்று கடைசியில் இரண்டே வரியில் எழுதி முடித்துவிட்டாய் பார், அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு ஏன் கூச்சம் என்று எனக்குத் தெரியும்டா. அதனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்ச நாளாக என் மனதைவிட்டு அகலாதவர்.

ஜான் ராண்டல் என்று பெயர். கறுப்பினத்தவர், அமெரிக்காவில் நியூ ஹேவனில் பிறந்தவர். 1785இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு கடிகாரச் சங்கிலியைத் திருடியதற்காக 7 வருடம் நாடுகடத்தல் தண்டனை. முதன்முதலாகக் கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு, நான் இருக்கிற இந்தச் சிட்னிக்கு வந்த 11 கப்பல்களில் அலெக்சாண்டர் என்ற கப்பலில் 1788இல் வந்து இறங்கினார். இங்கே வந்ததும் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள், கைதிக்குத் துப்பாக்கி! இந்தக் குடியேற்றத்தை ஆண்ட கவர்னர் பிலிப்புக்குக் கங்காருவும் பறவையும் சுட்டுக் கொண்டுவருகிற வேலை. 1790இல் பஞ்சம் முற்றி, வளர்ந்த ஆளுக்கு வாரத்துக்கு இரண்டரை பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு உப்புக்கண்டப் பன்றிக்கறி, இரண்டு பவுண்டு அரிசி என்று குறைத்தபோது கவர்னருக்கும் அதே அளவுதான். அந்த நேரத்தில் வேட்டைக்காரன் எவ்வளவு வேண்டப்பட்டவன், யோசித்துப் பார்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அந்த வேட்டைக்காரன் யார் என்பது வேறு கதை. அதே வேலையில் இருந்த மெக்கன்டையர் என்ற கைதியை அந்த டிசம்பரில் சிட்னிக்குத் தெற்கே பாட்டனி விரிகுடாப் பக்கம் பெமுல்வாய் என்ற பூர்வகுடி வீரர் ஈட்டியால் குத்தினார். மத்தியானம் ஒரு மணி வாக்கில் தழைக் குடிசைக்கு வெளியே சலசலப்பு கேட்டு, தெரிந்த ஆட்கள்தான் என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேசப் போனவர் மெக்கன்டையர். விலாவில் பாய்ந்த ஈட்டியில் சிவப்புக் கல் சில்லுகளைப் பிசின் வைத்து ஒட்டியிருந்தார்களாம். சில வாரத்தில் செத்துப்போனார்.

ராண்டலுக்கு 1792இல் சிட்னிக்கு மேற்கே உள்ள பரமட்டா என்ற ஊருக்கு வடக்கே 60 ஏக்கர் கிடைத்தது. விடுதலையான ஆணுக்கு 30, மனைவிக்கு 20, பிள்ளைக்குத் தலைக்குப் 10 என்பது அன்றைய கணக்கு, கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பமே அந்த எண்ணுக்குள் நிற்கிறது. 1790இல்தான் மேரி பட்லர் என்ற கைதிப் பெண்ணைக் கட்டியிருந்தார். அது தாருக் என்ற பூர்வகுடி மக்களிடம் கேட்காமல் எடுத்த நிலம், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கையிலும் அது தங்கவில்லை. குடியேற்றத்தைக் காவல் காத்த நியூ சவுத் வேல்ஸ் படையின் அதிகாரிகள் கப்பலில் வரும் சரக்கை மொத்தமாக வாங்கி, ரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் சிறு விவசாயிகளிடம் கொள்ளை விலைக்கு விற்றார்கள். கடனில் நிலத்தை விட்டவர்கள் நிறையப் பேர். 1800இல் ராண்டல் சேர்ந்தது எதில் தெரியுமா? அதே படையில். சம்பளம், ரேஷன், போட்டுக்கொள்ளச் சிவப்புச் சட்டை. குழலும் மேளமும் வாசிக்கத் தெரிந்தவர் வேறு.

1804 மார்ச்சில் பரமட்டா பக்கத்துக் காஸில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் இருநூறுக்கும் மேல் கிளர்ந்து எழுந்தபோது அடக்கப் போனது இந்தப் படைதான். சிட்னியிலிருந்து ராத்திரி முழுக்க நடந்து போனார்கள். சமாதானம் பேசலாம் என்று தலைவர்களை முன்னால் அழைத்து, தலையில் கைத்துப்பாக்கியை வைத்துப் பிடித்துக்கொண்டு, அப்புறம் சுட ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் விலங்கு மாட்டியிருந்தவரும் அந்தப் படையின் சட்டையைத்தான் போட்டிருந்தார். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. பிறகு, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிலத்தையும் இழந்த ஆளுக்கு அன்றைக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்று பார்த்தால் ஒன்றும் தென்படவில்லை.

உன் வேலையை அந்தப் படையோடு நான் ஒப்பிடவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ யாரையும் சுடப் போவதில்லை, ஒரு கேட்டைக் காக்கப் போகிறாய், அவ்வளவுதான். வயல் உன் பெயரில்தான் இன்னும் இருக்கிறது.

1810இல் அந்தப் படையை இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்தபோது ராண்டல் போகவில்லை. 1822இல் இங்கேயே இறந்தார். அவர் மகளைக் கட்டியவர் ஜான் மார்ட்டின், அதே அலெக்சாண்டர் கப்பலில் கைதியாக வந்த இன்னொரு கறுப்பினத்தவர். அந்த வம்சம் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது.

சரி, பகல் ஷிஃப்டா ராத்திரி ஷிஃப்டா என்று எழுதவே இல்லையே? ராத்திரி என்றால் பனிக்கு மஃப்ளர் கட்டிக்கொள். யூனிஃபார்ம் போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு, அம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்து.

அன்புடன்,
உன் நண்பன்