பத்து நிமிட ராக்கெட்டைத் தேர்ந்துகொள்

அன்புள்ள தம்பிக்கு,

நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் தாம்பரம் வண்டி வந்துவிட்டது. "துருவ ஒளியை அளக்க மேலே போய்ப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விழுந்துவிடும் ராக்கெட்டுக்காக ஐந்து வருடத்தைக் கொடுக்கலாமா, டீச்சர்? செயற்கைக்கோள் குழுவும் அழைக்கிறதே" என்றாய். தாராளமாகக் கொடு.

துருவப் பகுதிகளில் மேலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் காற்றில் மோதி இரவு வானில் எழுப்பும் ஒளிதான் துருவ ஒளி (அரோரா). அதன் பச்சைத் திரை பெரும்பாலும் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் தொங்குகிறது. பலூன்கள் 40 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். செயற்கைக்கோள் அவ்வளவு தாழ வந்தால் காற்றின் இழுப்பில் நிலைக்காது. அந்த இடைவெளிக்குள் ஏறி, எந்த உயரத்தில் எத்தனை எலக்ட்ரான்கள், என்ன ஆற்றலோடு பாய்கின்றன என்று அளந்துவர ஆய்வு ராக்கெட்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் 'சவுண்டிங் ராக்கெட்' என்பார்கள்; அந்தப் பெயருக்கும் ஒலிக்கும் தொடர்பில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பார்களே, அந்தச் சொல் அது.

உயரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? இதை வகுப்பில் நிதானமாகச் சொல்ல நேரம் கிடைத்ததே இல்லை. எலக்ட்ரான் மோதியவுடன் ஆக்சிஜன் அணு ஒளிர்ந்துவிடுவதில்லை. 557.7 நானோமீட்டர் அலைநீளப் பச்சைக்கு முக்கால் விநாடி போலப் பொறுக்கிறது. 630 நானோமீட்டர் சிவப்புக்கோ ஏறத்தாழ 110 விநாடி. அதற்குள் பக்கத்திலிருக்கும் மூலக்கூறு இடித்துவிட்டால் ஆற்றல் பறிபோகும், ஒளி பிறக்காது. காற்று அடர்ந்த கீழடுக்கில் சிவப்புக்கு வழியே இல்லை. 200 கிலோமீட்டருக்கு மேலே, இடிப்பதற்கு ஆளில்லாத இடத்தில்தான் அது மலர்கிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லா அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஊடே ஏறிப்போகும் கருவிக்குத்தான் அவை தனித்தனியாகப் பிரியும்.

அலாஸ்காவின் போக்கர் ஃபிளாட்டில் ராக்கெட்டை ஏவத் தயாராக நிறுத்திவிட்டு, ஒளி சரியான இடத்துக்கு வரும்வரை இரவிரவாகக் காத்திருப்பார்கள். ஒரே ஊசலின் அலைவை நாற்பது முறை அளந்த உன்னிடம் அந்தப் பொறுமை இருக்கிறது.

வடதுருவம் நமக்கு எதற்கு என்று அப்பா கேட்டாராம். கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றி அவரிடம் சொல். பூமியின் காந்த நடுக்கோடு அருகில் போவதால்தான் அந்த மீனவர் கிராமத்தைத் தேர்ந்தார்கள். அங்கே 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அந்தியில் அங்கிருந்து ஏறிய நைக்-அப்பாச்சி ராக்கெட் சோடியம் ஆவியைக் கக்கி, மேல்வானத்துக் காற்றைக் கண்ணுக்குக் காட்டியது. துருவத்தில் கேட்கும் கேள்விதான், வானம் நம்முடையது.

2024 மே மாதச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. 110 விநாடி பொறுக்கும் அதே ஆக்சிஜன்தான். அதைப் பதிவுசெய்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர், 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த ஆய்வகம். கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் அதன் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது, தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். முடிவை எழுதி அனுப்புவதற்கு முன் ஒரு நாள் வா. அனுமதி கேட்டு உள்ளே போய் இருவரும் அதை வாசிப்போம்.

அன்புடன்,
உன் இயற்பியல் டீச்சர்