டொர்னாடோவைச் சூறாவளி என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் டொர்னாடோ எனும் குறுகிய சுழல்காற்றுகள் தாக்கிய செய்திக்கு 'ஒரே நாளில் பல சூறாவளிகள்' என்று நம் நாளிதழில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். டீக்கடையில் அதைப் பார்த்த நண்பர், "ஒரே நாளில் எப்படிங்க இத்தனை புயல் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வங்கக் கடலில் ஒரு வருடம் முழுக்க உருவாகும் புயல்களை எண்ண இரண்டு கை விரல்களே போதும்.

நான் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். எங்களுக்குப் புயல் என்றால் கூண்டு. 1ஆம் எண் ஏறினால் எங்கோ தூரத்தில் இருக்கிறது, 10 ஏறினால் வாசலுக்கு வந்துவிட்டது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா கரையைக் கடப்பதற்குச் சில நாள் முன்பே அதன் பெயர் காசிமேட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். படகை இழுத்துக் கட்டவும் மெழுகுவத்தி வாங்கவும் நேரம் இருந்தது.

டொர்னாடோவுக்கு ஏது கூண்டு? இடிமேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கும். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுசு. வலுவானது என்றால் காற்று மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். தரையோரம் ஈரமான வெப்பக்காற்று, மேலே வறண்ட குளிர்காற்று, உயரம் கூடக் கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறுவது, இதெல்லாம் பல மாநிலங்களுக்குச் சேர்ந்து அமைந்துவிட்டால் வரிசையாக இறங்கும். 2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை அங்கே இறங்கியவை சுமார் 360. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

என் மகள் டாலஸ் பக்கம் இருக்கிறாள். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் ஊளையிட்டது. என் மனைவி, "புயல்தானே, அரிசி பருப்பு வாங்கி வெச்சுக்கோ" என்றார். "அம்மா, இது புயல் இல்லம்மா" என்றவள், பேத்தியின் தலையில் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, ஜன்னல் இல்லாத குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளை ஆபீஸில். லைன் கட்டாகிவிட்டது. இருபது நிமிடம் கழித்து "தாண்டிப் போயிடுச்சுப்பா" என்று அவள் குரல் வரும்வரை நாங்கள் உட்காரவே இல்லை.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறானே என்று நினைக்கலாம். அமெரிக்க வானிலைத் துறை, மக்கள் பீதியடைவார்கள் என்று பயந்து, முன்னறிவிப்பில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே பல காலம் தவிர்த்து வந்தது. 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா என மூன்று மாநிலங்களை ஒரே டொர்னாடோ அறுத்துக்கொண்டு போனபோது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 695 பேர் மாண்டார்கள். 1948இல் ஓக்லஹோமாவில் விமானப்படை அதிகாரிகள் இருவர் துணிந்து கணித்தார்கள், பலித்தது. அப்புறம் 1950இல்தான் அந்தத் தடை விலகியது.

இது நமக்கு எட்டாத சமாசாரமும் அல்ல. உலகிலேயே அதிக உயிரைக் குடித்த டொர்னாடோ நம் பக்கத்து வங்கதேசத்தில், 1989 ஏப்ரல் 26 அன்று, மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளில் வந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,300 பேர். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்க ஜல்பைகுரியில் கூரைகளைப் பிய்த்தெறிந்ததும் இதே காற்றுதான்.

சென்னையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். பெற்றோர் படிப்பது உங்கள் பத்திரிகையை. அடுத்த முறை டொர்னாடோ என்றே போடுங்கள், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டி, ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு உடனே போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. சூறாவளிக்கும் நான்கு எழுத்து, டொர்னாடோவுக்கும் நான்கு எழுத்துதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.