பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் ஆசிரியை. எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன் என்றாலும், வீட்டிலேயே முதல் ஆளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பாடம் நடத்துவது, டெஸ்ட் வைப்பது, படிக்காத பிள்ளையை உட்கார வைத்துப் படிக்க வைப்பது எல்லாம் எங்கள் வேலை. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளும் இந்த வருடம் இருக்கின்றன. மார்ச்சில் நன்றாக எழுதிய பிள்ளைகூட மே, ஜூனில் அங்கேதான் தடுக்கி விழுகிறது.

வருடம் எப்படிப் போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பொங்கல் முடிந்ததும் திருப்புதல் தேர்வுகள் அடுத்தடுத்து வரும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதால் பிள்ளை வீடு திரும்பும்போது இருட்டிவிடும். கடைசி பஸ் தவறினால் யார் வந்து கூட்டிப்போவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18இல் கொண்டுவந்த பொதுத்தேர்வை 2025-26இலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு இவர்கள் எழுதப்போகும் முதல் பொதுத்தேர்வு இதுதான் என்பதை மறக்க வேண்டாம். மூன்று மணி நேரம் கை ஓயாமல் எழுதுகிற பழக்கம் விட்டுப்போயிருக்கும். திருப்புதல் தேர்வு அன்று சொந்தக்காரர் கல்யாணம், குலதெய்வம் கோயில் என்று லீவு போடாதீர்கள். பிளஸ் ஒன் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்கும் போடாதீர்கள். மருத்துவத்துக்கான நீட்டிலும் ஐஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇயிலும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும்.

அப்புறம் மதிப்பெண். "மொத்தம் எவ்வளவு எடுப்பான்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். இப்போது மொத்தம் 600. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, பள்ளியிலேயே போடும் அகமதிப்பீட்டுக்கு 10. ஆனால் பொறியியலுக்கு அந்த 600 பார்க்கப்படுவதில்லை. கணிதம் முழுதாக 100, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதியாக 50, ஆக 200க்குத்தான் கட்-ஆஃப், அதாவது இடம் கொடுக்கப் பார்க்கும் மதிப்பெண். கணிதத்தில் 95, இயற்பியலில் 80, வேதியியலில் 82 எடுத்தால் 95, 40, 41 சேர்ந்து 176. பி.ஏ. தமிழுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குத் தமிழ் மதிப்பெண்தான் முக்கியம். பிள்ளை எதற்குப் போகப்போகிறது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மொத்தத்தோடு ஒப்பிட்டுத் திட்டினால் அதன் மனசு நோவதுதான் மிச்சம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்: சான்றிதழ், ஆதார் போன்ற தாள்கள். பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல், நாங்கள் நாமினல் ரோல் என்று சொல்வது, தயாராகும்போது விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்புவோம். பல வீடுகளிலிருந்து பார்க்காமலே கையெழுத்து வருகிறது. ஒரு பிள்ளையின் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தால் ஆதாரில் அப்பா பெயர் முத்துக்கிருஷ்ணன், சாதிச் சான்றிதழில் முத்துகிருஷ்ணன், ரேஷன் கார்டில் வெறும் கிருஷ்ணன். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு இதைத் திருத்துவதற்குள் அலைந்து ஓய்ந்துவிடுவீர்கள். கையெழுத்துப் போடும் முன் பிள்ளையையே ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப்போகும் பிள்ளைக்கான முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த மறுநாள் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். டிசம்பர் விடுமுறையிலேயே என்னென்ன கையில் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துவிட்டால் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கும் அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று வேண்டும். அதை இப்போதே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, செல்போன் நம்பர். பொறியியல், கலை அறிவியல், வேளாண்மை, கால்நடை, சட்டம், நர்சிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் ஓடிபி. அப்பாவின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், அப்பா வெளியூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார், அல்லது ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்த இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். குறுஞ்செய்தியைப் பார்க்காததால் கிடைத்த இடத்தை இழக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை. வீட்டிலேயே இருப்பவர் ஒருவரின் நம்பரை எல்லாவற்றுக்கும் கொடுங்கள், அது உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 2025இல் தேர்ச்சி 95.03 சதவீதம். நூற்றில் ஐந்து பிள்ளைகள் தவறினார்கள். தவறினாலும் அதே கோடையில் துணைத் தேர்வு எழுதலாம், தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேர வழி உண்டு, வருடம் வீணாகாது. மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போடலாம். இதையெல்லாம் ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அன்று காலை பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் உதவி எண் 104க்குக் கூப்பிடலாம்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். பதினெட்டு முடிந்தது, நல்ல இடம் வந்தது என்று தேர்வு நடக்கும்போதே மாப்பிள்ளை பேச்சை எடுக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வருகிறது. பையன்களுக்கும் அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

காலாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒருநாள், இருக்கிற சான்றிதழ்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். வேலைக்குப் போகிற நாளாக இருந்தால் காலை பிரேயருக்கு முன்பே வந்துவிடுங்கள், கூலி கெடாது. எது சரி, எது விட்டுப்போயிருக்கிறது என்று வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளையின் வேதியியல் டீச்சர்