அத்தையின் இடது கைக்குக் கண்ணாடிப் பயிற்சி

பொன்னிக்கு அப்பா எழுதுவது.

பக்கவாதம் வந்த உன் அத்தைக்கு இடது தோள் கொஞ்சம் அசைகிறது, மணிக்கட்டும் விரலும் அசையவில்லை, சொன்னது புரிகிறது என்றாய். நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்த்து, அசைவது முடங்கிய கைதான் என்று மூளையை நம்ப வைப்பதே கண்ணாடிப் பயிற்சி. அதற்கு ஏற்ற நிலைதான். ஒன்றை மட்டும் முதலில் கவனி. தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமல் விடுகிறாரா? அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாரா? அப்படியென்றால் கண்ணாடியில் பார்வை நிலைக்காது. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் (பிசியோ) சொல்லி, இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும் பயிற்சியை முதலில் தொடங்குங்கள்.

கையை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலிக்காக 1990களில் இதைக் கொண்டுவந்தவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். பக்கவாதத்துக்கும் உதவலாம் என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கை அசைவும் அன்றாட வேலைகளும் இதனால் மேம்படுகின்றன என்றது. ஆனால் இது வழக்கமான பயிற்சியோடு கூடச் செய்வது. கண்ணாடி வந்துவிட்டதே, பிசியோ எதற்கு என்று மாப்பிள்ளை கணக்குப் போட வேண்டாம்.

கண்ணாடிக் கடையில் 24க்கு 18 அங்குலத்தில், 4 மி.மீ. முகக்கண்ணாடி வெட்டி, நாலு விளிம்பையும் தேய்த்து வாங்கு. பின்னால் பிளைவுட் வைத்து, இரண்டு எல் ஆங்கிளில் ஒரு பலகைமேல் ஆடாமல் நிறுத்தச் சொல். மெல்லிய அக்ரிலிக் வளையும், கை கோணலாகத் தெரியும். சின்னக் கண்ணாடியில் விரலை விரித்தால் நுனி வெளியே போய்விடும்.

கட்டிலில் உட்கார வைத்துச் செய்யாதே. பாதம் தரையில் படும் நாற்காலி, முழங்கை உயரத்தில் மேஜை. 24 அங்குலப் பக்கம் மார்புக்கு நேராக முன்னோக்கிப் போகட்டும். பளபளப்பான முகம் வலது கையைப் பார்க்க வேண்டும். இடது முன்கை முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் மேஜைமேல் கிடக்கட்டும், முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு. இரண்டு கையும் ஒரே மாதிரி, கண்ணாடியிலிருந்து ஒரே தூரத்தில். அவர் தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்தால் பிம்பம் மட்டும் தெரியும், நிஜ இடது கை தெரியாது.

பிம்பம் இடது கை போலவே தெரிய, வலது கையின் வளையல், மோதிரம், கடிகாரம் கழற்றியாக வேண்டும். வெறுங்கையாக இருக்க மாட்டேன் என்று அத்தை பிடிவாதம் பிடிப்பார். அதற்காக உணர்ச்சி குறைந்த, வீங்கிய இடது கையில் வளையல் ஏற்றாதே. முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை மறைத்துவிடு.

முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் செய்ய வேண்டாம், பிம்பத்தைப் பார்த்தால் போதும். 'இது என் இடது கை' என்று மனம் ஒப்பிய பிறகு தொடங்கு: மணிக்கட்டைத் தூக்கி இறக்குவது, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது, விரல் விரிப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை. வேகம்தான் எல்லாரும் கெடுக்கும் இடம். வலது கைக்கு இது சுலபம் என்பதால் ஓடிவிடும், இடது கை கூடவே முயல நேரமிருக்காது. நீ எண்ணு, மெதுவாக எண்ணு. பின்னால் இருக்கும் கையும் அதே வேலையைச் செய்ய முயல வேண்டும். அசையாவிட்டாலும் முயற்சி வேண்டும். நீ பிடித்து அசைக்காதே. அத்தையின் கண் நிஜ வலது கைக்குப் போனால், "கண்ணாடியைப் பாருங்க அத்தை" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இரு. அந்த நேரம் டிவி ஓடக் கூடாது.

முதல் வாரம் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். பிறகு நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். விரல் கொஞ்சம் வந்ததும் ஸ்பாஞ்ச், கரண்டி, பெரிய நாணயம் என்று இரண்டு பக்கமும் ஒரே பொருளை வை.

ஸ்மைலி பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மடங்கி இறுகும் விரலுக்கு இன்னும் மடக்கக் கற்பிப்பானேன்? திறப்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். எண்ணெய் தேய்க்க வருபவர் இடது கையைப் பிடித்து இழுத்தாலோ தலைக்கு மேல் தூக்கினாலோ உடனே தடுத்துவிடு. தளர்ந்த தோள்மூட்டு விலகி வலி பிடித்துக்கொள்ளும்.

சிலருக்குப் பிம்பத்தைப் பார்த்ததும் தலைசுற்றலோ குமட்டலோ வியர்வையோ வரும், சிலர் அழுதும் விடுவார்கள். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து நிஜக் கையைப் பார்க்கச் சொல், அன்றைக்கு நிறுத்திவிடு. மறுநாள் ஐந்து நிமிடம் போதும். மறுபடி வந்தால் பிசியோவைக் கேட்காமல் தொடராதே.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணாடியை எடுத்துவிட்டு, மேஜையில் போனை ஒரே இடத்தில் வைத்து, அத்தை இடது மணிக்கட்டைத் தூக்க முயல்வதை வீடியோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்து அடுத்து எந்த அசைவைக் கூட்டுவது என்று சொல்கிறேன்.

அப்பா