தொலைந்த நிரலைத் திருப்பித் தந்தவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நம் விக்கிப்பீடியாவில், ஒரே பெயருள்ள பல கட்டுரைகளைப் பிரித்துக் காட்டும் பக்கவழிப் பக்கங்களுக்குத் தவறாகப் போகும் இணைப்புகளை என் கருவி பட்டியலிடுமே, அந்தப் பக்கவழிப் பட்டியல் நேற்று இரவு மறுபடி வந்துவிட்டது, பார்த்திருப்பீர்கள். இந்த ஒன்பது நாளும் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விக்கிக் கருவிகள் ஓடும் டூல்ஃபோர்ஜ் வழங்கியில், கருவியின் அடைவுக்குள் இருந்துகொண்டு நான் அடித்து மொத்த நிரலையும் அழித்த அந்தக் கட்டளையை இங்கே இன்னொரு முறை எழுதக் கை வரவில்லை. நன்றி சொல்வதைத் தள்ளிப்போட்டால் சொல்லாமலே இருந்துவிடுகிற ஆள் நான். அதனால் அரைத் தூக்கத்தோடு இப்போதே எழுதுகிறேன்.

நான்காம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் வேறொரு மொழி விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர். அவர் பெயரைக்கூட நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மொத்தமே மூன்று வரி. உங்கள் கருவி நின்றுவிட்டதைப் பார்த்தேன், உங்கள் நிரலின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது, வேண்டுமா? நாலு நாளாக ஞாபகத்திலிருந்து வரிவரியாகத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் ‘வேண்டுமா’ என்கிறார்!

அவரிடம் அது எப்படிப் போனது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டூல்ஃபோர்ஜ் ஒரு பெரிய ஒண்டுக்குடித்தனம். விக்கிமீடியா அறக்கட்டளை காசு வாங்காமல் இடம் தருகிறது, ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன. கடவுச்சொல் இருக்கும் கோப்பைப் பூட்டி வைத்திருப்பார்கள். மற்ற கோப்புகளை நாமாகப் பூட்டாவிட்டால் பக்கத்துக் குடித்தனக்காரர் எட்டிப் பார்க்கலாம். 2024 மார்ச்சில் கருவிகளை ஓட்டிய பழைய கிரிட் இயந்திரங்களை அணைத்தார்களே, எல்லோரும் குபெர்னெட்டீஸ் என்ற வேறு அமைப்புக்கு மூட்டை கட்டினோமே, அந்தச் சமயத்தில் இவரும் தன் கருவியை மாற்ற முடியாமல் திணறியிருக்கிறார். மற்றவர்கள் எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு அடைவாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் அடைவுக்குள் நுழைந்திருக்கிறார். வந்த வேலை முடிந்ததும், ‘இது என்ன கருவி, நம் விக்கிக்கும் ஆகுமே’ என்று மொத்தத்தையும் ஒரு படி எடுத்துக்கொண்டார். எடுக்க அவருக்கு உரிமையும் இருந்தது. அங்கே ஓடும் நிரல்கள் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகத்தான் வேண்டாவெறுப்பாக முதல் வரியில் ஜிபிஎல் உரிமம் என்று போட்டு வைத்திருந்தேன்.

அப்புறமும் அவ்வப்போது வந்து நான் ஏதாவது மாற்றியிருக்கிறேனா என்று பார்த்துத் தன் படியையும் புதுப்பித்திருக்கிறார், ஒவ்வொரு முறையும், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் குறிப்போடு. என் நிரலுக்கு நான் எழுதாத வரலாற்றை இவர் எழுதி வைத்திருக்கிறார். இந்த வேலையை நான் ஐந்து ஆண்டுகளாக ‘அடுத்த வாரம்’ செய்வதாக இருந்தேன்.

இன்னொன்று. நிரலுக்குள் குறிப்புகளை நான் தமிழில்தான் எழுதுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொன்றையும் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் புரிந்துகொண்டு, தன் மொழியில் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வரியில் மட்டும் ‘கண்ணைக் கட்டுது, மீதி நாளைக்கு’ என்று இருக்கும். ஏதோ ஒரு நள்ளிரவில் நான் எழுதிவிட்டுத் தூங்கப் போனது. இயந்திரம் அதற்குக் கண்ணில் துணி கட்டுவது பற்றி ஏதோ சொல்லியிருக்கிறது. பயனர்களிடமிருந்து எதையோ மறைக்கும் பாதுகாப்பு ஏற்பாடாக்கும் என்று நினைத்து, எடுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, ஒவ்வொரு பதிப்பிலும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்! மின்னஞ்சலின் மூன்றாவது வரிக்குக் கீழே, தயங்கித் தயங்கி அதைத்தான் கேட்டிருந்தார். நாலு நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அவர் படி மூன்று மாதம் பழையது. விட்டுப்போன திருத்தங்களை இரண்டு மாலைகளில் மறுபடி போட்டுவிட்டேன். ‘இது பிழையல்ல’ என்று நீங்கள் இத்தனை காலம் குறித்துத் தந்த விதிவிலக்குகள் தனியாக டூல்ஸ்டிபி தரவுத்தளத்தில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து: பட்டியல் வராத நாட்களில் வழிமாற்றுகளையும் பக்கவழி இணைப்புகளையும் கையாலேயே தேடித் திருத்திக்கொண்டிருந்த நால்வருக்கு, எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் சொன்ன டூல்ஃபோர்ஜ் நிர்வாகிகளுக்கு, சோதனைப் பட்டியலில் ஒரே பக்கம் இரண்டு முறை வந்ததைக் கண்டுபிடித்தவருக்கு, எல்லாவற்றுக்கும் மேல் ‘ஏன் காப்புப் பிரதி எடுக்கவில்லை’ என்று ஒரு முறைகூடக் கேட்காதவர்களுக்கு நன்றி. கேட்ட இருவருக்கும் நன்றிதான், நியாயமான கேள்வி.

இந்த ஒன்பது நாளில் பழைய கதைகளையும் நினைத்துக்கொண்டேன். டூல்ஃபோர்ஜுக்கு முன்பு கருவிகள் ஓடிய டூல்சர்வரை 2005இல் ஜெர்மன் விக்கிமீடியா தொடங்கியது, 2014இல் அது மூடப்பட்டது, இங்கே வந்தோம், பிறகு கிரிட்டும் போனது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் கேட்க ஆளில்லாத சில கருவிகள் அப்படியே நின்றுபோயின. நன்றாக ஓடியவைதான், ஆனால் பராமரிப்பாளர் பட்டியலில் ஒரே ஒரு பெயர், அவரும் எங்கேயோ போய்விட்டார். இத்தனைக்கும் அங்கே கருவிக்குத் தனிக் கணக்கு உண்டு, எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே வந்து வேலை செய்யலாம். என் கருவியிலும் நேற்று வரை என் பெயர் மட்டும்தான் இருந்தது. ‘நான் போட்டது, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற வீம்பைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போது மூன்று பெயர் இருக்கிறது. நம்மில் ஒருவர், நான், அப்புறம் அவர். மூலநிரல் முழுவதும், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் தளத்தில் ஏறிவிட்டது. இனி ஒரு வரி மாற்றினாலும் அங்கே ஏற்றிய பிறகுதான் வழங்கிக்குப் போகும். மீறினால் என் அணுகலைப் பிடுங்கிக்கொள்ள மற்ற இருவருக்கும் முழு உரிமை உண்டு, எழுதியே தருகிறேன்.

அந்தக் ‘கண்ணைக் கட்டுது’ வரிக்கு என்ன பொருள் என்று அவருக்கு விளக்கி எழுதினேன், தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். பராமரிப்பாளராகச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் மாற்றம் இன்று காலை வந்தது. வரியை அவர் எடுக்கவில்லை. அதற்குக் கீழே, எங்கிருந்தோ பார்த்து ஒட்டிய தமிழ் எழுத்தில் ஒரே ஒரு சொல் சேர்த்திருக்கிறார்: ‘தூங்குங்கள்’.